பதினாறு பொத்தான்கள் போதும்

2025 ஜனவரியில் ஃபர்ஸ்ட் ரோபாட்டிக்ஸ் போட்டியின் அந்த ஆண்டுக்கான ஆட்டம் வெளியானது. பெயர் ரீஃப்ஸ்கேப். களத்தின் ஒவ்வொரு பாதியிலும் அறுகோண வடிவில் ஒரு பவளப்பாறை. அதற்கு ஆறு முகங்கள், முகத்துக்கு இரண்டு கம்பங்கள், கம்பத்துக்கு மூன்று உயரங்களில் கிளைகள். ஆக மொத்தம் 36 கிளைகள். அடியில் தொட்டி மாதிரி ஒரு விளிம்பு வேறு உண்டு. ஓர் அடிக்குச் சற்றுக் குறைவான பிவிசி குழாய்த் துண்டுதான் 'பவளம்'. ரோபோ அதை எடுத்து வந்து கிளையில் செருகவேண்டும். மனிதர் ஓட்டும் நேரத்தில் உச்சிக் கிளைக்கு 5 புள்ளி, அடித் தொட்டிக்கு 2.

அந்த ஆண்டில் ஆட்டம் முழுவதும் இரண்டரை நிமிடம்தான். முதல் 15 வினாடி ரோபோ யார் கையும் படாமல் ஓடும். அதன்பின் களத்தின் ஓரத்தில், கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தடுப்புக்கு வெளியே நிற்கும் பள்ளி மாணவர்கள் பொறுப்பேற்பார்கள். பாறையின் மறுபக்கத்தில் ரோபோ என்ன செய்கிறது என்பது அங்கிருந்து சரியாகத் தெரியாது. தேர்ந்த அணிகள் இதற்கு ஒரு வழி கண்டிருந்தன. பாறையின் முகங்களில் ஏப்ரல்டேக் எனப்படும் கறுப்பு வெள்ளைச் சதுரக் குறிகள் ஒட்டியிருக்கும். ரோபோவின் கேமரா அவற்றைப் பார்த்துத் தன் இடத்தைக் கணித்துக்கொள்ளும். எந்தக் கிளை என்று சொல்லிவிட்டால் போதும், கடைசி ஒரு மீட்டரை அது தானே ஓட்டிக்கொண்டு போய் நிற்கும்.

சரி, எந்தக் கிளை என்பதை எப்படிச் சொல்வது? சாதாரண எக்ஸ்பாக்ஸ் கேம்பேடில் பத்துப் பொத்தான்கள் இருக்கின்றன. திசைத்தட்டு ஒன்று, விரலால் இழுக்கும் விசைகள் இரண்டு. இடது விசையைப் பிடித்துக்கொண்டு மேல்திசையைத் தட்டி, உடனே 'ஒய்' பொத்தானை அழுத்தினால் ஏழாவது கம்பத்தின் உச்சிக் கிளை என்று ஏதாவது ஏற்பாடு செய்துகொள்ளலாம். காகிதத்தில் அழகாக இருக்கும். ஆனால் மூன்று எதிரணி ரோபோக்கள் ஓட, கூட்டம் கத்த, பக்கத்தில் பயிற்சியாளர் "மறுபக்கம், மறுபக்கம்" என்று சொல்ல, பதினாறு வயதுப் பிள்ளையின் விரல்கள் அந்தப் பாடத்தை மறந்துவிடும். அதனால் பல அணிகள் தாங்களே ஒரு பெட்டி செய்துகொண்டன. மேல்தகட்டில் அறுகோண வரிசையில் பன்னிரண்டு பொத்தான்கள், பக்கத்தில் உயரத்துக்கு நான்கு. கம்பத்தைத் தொடு, உயரத்தைத் தொடு, வேலை முடிந்தது.

அந்தப் பெட்டியைச் செய்ய ஒரு மாலைப் பொழுது போதும். அது லேப்டாப்போடும் ரோபோவோடும் எப்படிப் பேசுகிறது என்பதும், அந்தப் பேச்சு எங்கெங்கே குழறும் என்பதும் அவ்வளவு சின்ன விஷயமில்லை.

முதலில் கொஞ்சம் வரலாறு. டீன் கேமன் 1989-இல் தொடங்கிய ஃபர்ஸ்ட் அமைப்பு, 1992-இல் நியூ ஹாம்ப்ஷயரின் மான்செஸ்டரில் ஒரு பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் 28 அணிகளோடு முதல் போட்டியை நடத்தியது. ரோபோவை ஓட்டும் மாணவர்களுக்கு முன்னால் இருக்கும் ஏற்பாட்டுக்கு டிரைவர் ஸ்டேஷன் என்று பெயர். ஆரம்ப காலத்தில் அது தனியாக ஒரு பெட்டி. 2008 வரை இன்னொவேஷன் ஃபர்ஸ்ட் என்ற நிறுவனத்தின் பெட்டி புழக்கத்தில் இருந்தது. அதில் ஜாய்ஸ்டிக் செருக நான்கு துளைகள், ஒவ்வொன்றிலும் பதினைந்து முள். 1981-இல் வந்த ஐபிஎம் பிசியின் விளையாட்டு அட்டையில் இருந்த அதே வகை இணைப்பு. துளைக்கு நான்கு அனலாக் உள்ளீடு, நான்கு சுவிட்ச் உள்ளீடு. அந்த முட்களின் மறுமுனையில் ஜாய்ஸ்டிக்தான் இருக்கிறதா என்று பெட்டி கேட்கவே கேட்காது. கடையில் வாங்கிய டாகிள் சுவிட்சிலிருந்து இரண்டு வயரை இழுத்து அந்த முட்களில் சால்டர் வைத்தால், ரோபோவின் நிரலில் அது 'முதல் ஜாய்ஸ்டிக்கின் விசை' என்று வந்து நிற்கும். உள்ளீட்டுக் கருவி செய்ய சால்டரிங் அயர்ன் பிடிக்கத் தெரிந்தால் போதும் என்றிருந்த காலம் அது. அதை நினைத்து ஏங்கும் பழைய வழிகாட்டிகள் இன்றும் இருக்கிறார்கள்.

2010-இல் தனிப் பெட்டி போய், கிளாஸ்மேட் என்ற சிறிய லேப்டாப் வந்தது. லேப்டாப்பில் சால்டர் வைக்க முள் ஏது? அந்தக் குறையைத் தீர்க்க சைப்ரஸ் நிறுவனத்தின் சிறிய சுற்றுப்பலகை ஒன்றை யூஎஸ்பி வழியாக இணைத்து, அதன் முனைகளில் சுவிட்சுகளை மாட்டினார்கள். அது ஓர் இடைக்கால ஏற்பாடு. 2015-இல் ரோபோவுக்குள் இருக்கும் கணினியாக நேஷனல் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் ரோபோரியோ வந்தது. அதன்பிறகு சுவிட்சுகளை ரோபோவுக்குக் கொண்டு செல்ல நேரான வழி ஒன்றுதான்: உங்கள் பெட்டி தன்னை ஜாய்ஸ்டிக் என்று சொல்லிக்கொள்ள வேண்டும்.

இந்தச் சொல்லிக்கொள்ளுதல்தான் மொத்த விஷயத்தின் மையம். யூஎஸ்பி கருவி எதையும் செருகியவுடன் கணினி அதனிடம் "நீ யார்" என்று கேட்கிறது. கருவி தன் தயாரிப்பாளர் எண், பொருள் எண், பெயர் ஆகியவற்றைச் சொல்கிறது. விசைப்பலகை, மவுஸ், ஜாய்ஸ்டிக் முதலிய மனிதர் கைபடும் கருவிகளுக்கு ஹெச்ஐடி என்று ஒரு பொது வகுப்பு உண்டு. அந்த வகுப்பைச் சேர்ந்த கருவி கூடுதலாக ஒரு விவரப்பட்டியலும் தரவேண்டும். நம் பெட்டியின் பட்டியல் ஏறக்குறைய இப்படிப் போகும்: நான் ஜாய்ஸ்டிக். என்னிடம் 1 முதல் 16 வரை எண்ணிட்ட பொத்தான்கள் உள்ளன. ஒவ்வொன்றின் மதிப்பும் 0 அல்லது 1. ஒவ்வொன்றுக்கும் ஒரு பிட். ஆகவே நான் அனுப்பும் ஒவ்வோர் அறிக்கையும் இரண்டு பைட் நீளம்.

இவ்வளவுதான். விண்டோஸ் அதை அப்படியே நம்புகிறது. அந்தப் பெட்டியில் பிடித்து ஆட்ட ஒரு தடி இருக்கிறதா என்று யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. தனியாக டிரைவர் மென்பொருள் எதையும் நிறுவ வேண்டியதுமில்லை. 1990-களின் நடுவில் யூஎஸ்பி தரத்தை வகுத்தவர்கள், ஒவ்வொரு கருவிக்கும் ஒரு ஃபிளாப்பி டிஸ்க் தேடும் தொல்லையிலிருந்து மக்களை விடுவிக்க இந்த ஏற்பாட்டைச் செய்தார்கள். முப்பது ஆண்டு கழித்து அதன் பலனை அனுபவிப்பவர்களில் பள்ளி ரோபோ அணிகளும் அடக்கம்.

ஆனால் எல்லாச் சுற்றுப்பலகைக்கும் இந்த வேடம் பொருந்தாது. பள்ளி ஆய்வகங்களில் அதிகம் கிடக்கும் ஆர்டுயினோ ஊனோவை எடுத்துச் செருகினால், கணினி அதை சீரியல் போர்ட் என்றுதான் பார்க்கும். ஊனோவின் முதன்மைச் சில்லுக்கு யூஎஸ்பி பேசத் தெரியாது. பக்கத்தில் இருக்கும் இன்னொரு சிறு சில்லு அதற்காக மொழிபெயர்க்கிறது, அந்தச் சில்லுக்கு இயல்பாகத் தெரிந்தது சீரியல் மட்டும். லேப்டாப்பில் ஓடும் டிரைவர் ஸ்டேஷன் மென்பொருள் ஜாய்ஸ்டிக்குகளை மட்டுமே தேடும், சீரியல் போர்ட்டை ஏறெடுத்தும் பார்க்காது. ஆர்டுயினோ லியோனார்டோ, மைக்ரோ ஆகியவற்றில் உள்ள ஏடிமெகா32யூ4 சில்லில் யூஎஸ்பி உள்ளேயே இருக்கிறது, ஆகவே அது எந்த ஹெச்ஐடி கருவியாகவும் நடிக்கும். 2021-இல் வந்த ராஸ்ப்பெர்ரி பை பைக்கோவும் அப்படியே. விலை குறைவு, 26 முனைகளைப் பயன்படுத்தலாம் என்பதால் இப்போது பலருடைய தேர்வு அதுதான். நிரலே எழுத விருப்பமில்லாதவர்களுக்கு, ஆர்கேட் விளையாட்டுப் பெட்டி செய்வோர் வாங்கும் மலிவான யூஎஸ்பி என்கோடர் பலகைகள் கிடைக்கின்றன. பொத்தான் வயரைச் செருகினால் ஜாய்ஸ்டிக் தயார். அதை எள்ளலாகப் பார்ப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆறு வாரத்தில் ஒரு ரோபோவைக் கட்ட முனையும் அணி, பொத்தான் பெட்டியில் மூன்று நாள் செலவழித்துப் பெருமை தேடவேண்டியதில்லை.

வயர் இணைப்பு எளிது. ஒவ்வொரு பொத்தானின் ஒரு முனை பலகையின் ஒரு முள்ளுக்கும், மறுமுனை எல்லாவற்றுக்கும் பொதுவான கிரவுண்டுக்கும் போகும். உள்ளீட்டு முள்ளை அப்படியே அந்தரத்தில் விட்டால், பக்கத்து வயரின் சலனத்தையெல்லாம் பிடித்துக்கொண்டு 0, 1 என்று தன்னிச்சையாக மாறிக்கொண்டிருக்கும். அதைத் தடுக்க, சில்லுக்குள்ளேயே இருக்கும் மின்தடையின் வழியாக முள்ளை மேல்மின்னழுத்தத்தோடு கட்டிவைக்கும் வசதியை நிரலில் இயக்கவேண்டும். பொத்தானை அழுத்தாதபோது 1, அழுத்தினால் கிரவுண்டோடு சேர்ந்து 0. தலைகீழாக இருக்கிறதே என்று புதியவர்கள் குழம்புவது வழக்கம். நிரலில் ஒரு திருப்பு திருப்பி அனுப்பினால் தீர்ந்தது. பதினாறு பொத்தானுக்குப் பதினாறு முள் போதும் என்பதால், விசைப்பலகைகளில் செய்வதுபோல் வரிசையும் நிரையுமாக வயர்களைப் பின்னவேண்டிய அவசியம் இங்கே இல்லை. அப்படிப் பின்னினால் ஒரே நேரத்தில் மூன்று பொத்தானை அழுத்தும்போது அழுத்தாத நான்காவதும் அழுந்தியதாகத் தெரியும். ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒரு டயோடு வைத்து அதைத் தடுக்கவேண்டியிருக்கும். முள் மிச்சமிருக்கும்போது அந்தத் தலைவலி எதற்கு?

அடுத்தது துள்ளல். உலோகத் தொடுப்பு ஒன்று மூடும்போது சட்டென்று ஒட்டிக்கொள்வதில்லை. சில மில்லிவினாடிகளுக்கு மோதி, விலகி, மறுபடி மோதிவிட்டுத்தான் அமரும். சில்லு வேகமாகப் பார்த்துக்கொண்டிருப்பதால், ஓர் அழுத்தம் அதற்கு ஐந்தாறு அழுத்தங்களாகத் தெரியும். நிலை மாறியபின் ஐந்து பத்து மில்லிவினாடி பொறுத்து மறுபடி பார், அப்போதும் அதே நிலை இருந்தால் மட்டும் நம்பு என்று நிரலில் எழுதுவது வழக்கமான மருந்து.

இங்கே ரோபோப் போட்டிக்கே உரிய ஒரு நுணுக்கம் இருக்கிறது. லேப்டாப் ரோபோவுக்கு "இந்தப் பொத்தான் அழுத்தப்பட்டது" என்று செய்தி அனுப்புவதில்லை. 20 மில்லிவினாடிக்கு ஒருமுறை, அதாவது வினாடிக்கு 50 தடவை, எல்லாப் பொத்தான்களின் அப்போதைய நிலையையும் சேர்த்து ஒரு பொட்டலமாக அனுப்புகிறது. ரோபோவின் நிரலும் வழக்கமாக 20 மில்லிவினாடிக்கு ஒருமுறைதான் சுற்றி வருகிறது. முந்தைய பொட்டலத்தில் மேலே இருந்த பொத்தான் இந்தப் பொட்டலத்தில் கீழே இருக்கிறதே, அப்படியானால் இப்போதுதான் அழுத்தியிருக்கிறார்கள் என்று ரோபோ தானே முடிவுக்கு வருகிறது. இரண்டு பொட்டலங்களுக்கு இடையில் தொடங்கி முடிந்துவிட்ட எதுவும் அதன் உலகில் நடக்கவே இல்லை.

மனித விரலுக்கு இது பிரச்சினையில்லை. எவ்வளவு வேகமாகத் தட்டினாலும் விரல் பல பத்து மில்லிவினாடி பொத்தான்மேல் இருக்கும். சிக்கல், சுழலும் குமிழ் வைக்க ஆசைப்படும்போது வரும். ரோட்டரி என்கோடரை ஒரு படி திருகினால் அதன் துடிப்பு ஓரிரு மில்லிவினாடியில் முடிந்துவிடும். ஆர்டுயினோ பார்த்துவிடும், விண்டோஸ் பார்க்கக்கூடும், ரோபோ பார்க்காது. அதனால் பெட்டியின் நிரல் ஒவ்வொரு படியையும் ஒரு பொய்யான, நீளமான பொத்தான் அழுத்தமாக மாற்றி, ஐம்பது மில்லிவினாடியாவது தாங்கிப் பிடித்து அனுப்பவேண்டும். திருகும் வேகம் அதையும் மிஞ்சினால் மிச்சப் படிகளை வரிசையில் நிறுத்திவைக்க வேண்டும். இதைத் தெரியாமல், குமிழ் கெட்டுவிட்டது என்று மாற்றி மாற்றிப் பொருத்தினால் எத்தனை குமிழும் கெட்டதாகத்தான் தோன்றும்.

அந்தப் பொட்டலத்தில் இடமும் அளவோடுதான் இருக்கிறது. மென்பொருளில் 0 முதல் 5 வரை ஆறு ஜாய்ஸ்டிக் இடங்கள். ஒரு ஜாய்ஸ்டிக்கின் பொத்தான்கள் எல்லாம் சேர்ந்து 32 பிட். அதாவது 36 கிளைக்கும் தனித்தனிப் பொத்தான் வைத்து ஒரே கருவியாகச் செய்தால் கடைசி நான்கு கிளைகள் ரோபோவின் காதில் விழாது. 2023-இன் ஆட்டத்தில் மூன்று வரிசை, ஒன்பது நிரை என்று 27 இடங்கள் இருந்தன. அப்போது இருபத்தேழு பொத்தான் பெட்டிகள் தாராளமாக வந்தன, 32-க்குள் அடங்கியும் விட்டன. 2025-இல் அது அடங்காது. கம்பம் பன்னிரண்டு, உயரம் நான்கு எனப் பிரித்துக்கொண்டால் பதினாறு பொத்தானில் 36 கிளையும் வந்துவிடுகிறது, அடித்தொட்டியும் வந்துவிடுகிறது. பிட் கணக்கு ஒருபுறம் இருக்கட்டும், இப்படிப் பிரிப்பது கைக்கும் நல்லது. பவளத்தை எடுக்கும்போதே உயரத்தைத் தீர்மானித்துவிட்டு, பாறையை நெருங்கும்போது எந்தக் கம்பம் காலியாக இருக்கிறது என்று பார்த்து அழுத்தலாம். முடிவு எடுக்கும் நேரமும் இரண்டாகப் பிரிகிறது.

அனலாக் உள்ளீடுகளிலும் ஒரு கழிவு உண்டு. லியோனார்டோ பலகை ஒரு பொட்டென்ஷியோமீட்டரின் மின்னழுத்தத்தை 0 முதல் 1023 வரை அளந்து சொல்லும். ரோபோவுக்குப் போய்ச் சேரும்போது அது எட்டு பிட்டாகச் சுருங்கி, 256 படிகளுக்குள் அடங்கிவிடுகிறது. கையால் திருகும் குமிழுக்கு 256 படியே அதிகம் என்பது வேறு விஷயம். பன்னிரண்டு நிலை உள்ள சுழல் சுவிட்சோடு மின்தடைகளை ஏணிபோல் அடுக்கி, ஒரே ஓர் அனலாக் முள்ளில் பன்னிரண்டு நிலையையும் கொண்டுவருவது பழைய உத்தி. ஒரு நிலைக்கு இருபது படிக்குமேல் கிடைப்பதால் அது இன்றும் நம்பகமாக வேலை செய்யும். ஆட்டம் தொடங்குமுன், தானாக ஓடும் தொடக்க நேரத்துக்கு எந்தத் திட்டம் என்று தேர்ந்தெடுக்க அந்தச் சுவிட்சைப் போல் வசதியானது இல்லை.

பெட்டி தயாரானபின் கவிழ்க்கக்கூடிய சங்கதிகள் பெரும்பாலும் மின்னணுவியலில் இல்லை. முதலாவது, இட எண். நிரலில் 0-வது இடம் ஓட்டுநரின் கேம்பேடு, 1-வது இடம் பெட்டி என்று எழுதியிருப்பார்கள். கேபிள்களை மாற்றி மாற்றிச் செருகினால் வரிசை புரண்டுவிடக்கூடும். ஓட்டுநர் முன்னோக்கித் தள்ளுவார், ரோபோ அசையாது. டிரைவர் ஸ்டேஷனின் யூஎஸ்பி பகுதியில் கருவியின் பெயரை இருமுறை தட்டினால் அது அந்த இடத்திலேயே பூட்டிக்கொள்ளும், கழற்றி மறுபடி செருகினாலும் தன் இடத்துக்கே திரும்பும். இரண்டு லியோனார்டோ பலகை வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வம்பு: இரண்டும் ஒரே பெயர் சொல்லும். நிரலேற்றும்போதே பெயரை மாற்றி, 'இடப் பெட்டி', 'வலப் பெட்டி' என்று வைத்துவிடுவது புத்திசாலித்தனம்.

இரண்டாவது, விசைப்பலகை வேடம். லியோனார்டோவுக்குக் கீபோர்டாக நடிப்பது ஜாய்ஸ்டிக்காக நடிப்பதைவிட எளிது, அதற்கான நிரல் நூலகம் கூடவே வருகிறது. அதை எடுத்துக்கொண்டு பொத்தானுக்கு ஓர் எழுத்து அனுப்பலாமே என்று தோன்றும். ஆனால் டிரைவர் ஸ்டேஷன் மென்பொருளில் ஸ்பேஸ் விசை என்றால் அவசர நிறுத்தம். வேறு எந்தச் சாளரம் முன்னால் இருந்தாலும் அது வேலை செய்யும். என்டர் விசை ரோபோவை முடக்கும். அவசர நிறுத்தத்துக்குப் பின் ரோபோவை மீண்டும் கிளப்ப அதன் கணினியை மறுபடி தொடங்கவேண்டும். அதிகாரப்பூர்வ ஆட்டத்தில் களத்தின் மென்பொருளோடு இணைந்திருக்கும்போது இந்தக் குறுக்குவிசைகள் செல்லாது, அங்கே சுவரில் பொருத்திய சிவப்புப் பொத்தான்தான் நிறுத்தும். பயிற்சியில் செல்லும். மேலும் கீபோர்டாக வரும் எழுத்துகளை டிரைவர் ஸ்டேஷன் ரோபோவுக்கு அனுப்புவதில்லை, அதற்கென்று லேப்டாப்பில் இன்னொரு நிரல் ஓடி, நெட்வொர்க்டேபிள்ஸ் என்ற பொதுப் பலகையில் எழுதிப் போடவேண்டும். அந்த வழியில் எதுவும் தவறில்லை. தொடுதிரை வைத்திருக்கும் அணிகள் அதைத்தான் செய்கின்றன. ஆனால் இடையில் ஒரு நிரல் கூடுகிறது, அதைத் திறக்க யாராவது மறப்பார்கள்.

மூன்றாவது, கேபிள். 2025-இல் ரோபோவின் எடைவரம்பு 115 பவுண்டு. மோதுதடுப்பும் பேட்டரியும் அதில் சேராது, அவற்றையும் கூட்டினால் 60 கிலோவைத் தாண்டிவிடும். அப்படிப்பட்ட ஒன்று வேகமாக வந்து ஓட்டுநர் தடுப்பில் மோதும்போது, தடுப்போடு சேர்ந்திருக்கும் பலகையும் அதன்மேல் இருக்கும் லேப்டாப்பும் குலுங்கும். பலகையின் நடுவே வெல்க்ரோ பட்டை ஒட்டி வைத்திருப்பது இதற்காகத்தான். பெட்டி ஒட்டிக்கொண்டாலும், சிறிய சுற்றுப்பலகையின் மைக்ரோ யூஎஸ்பி முனை அந்தக் குலுக்கலைத் தாங்காது. கேபிளைப் பெட்டியின் உடம்போடு ஒரு கட்டுப் போட்டு, இழுப்பு முனைக்குப் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சால்டரைவிட அந்தப் பிளாஸ்டிக் கட்டுப்பட்டைதான் ஆட்டங்களைக் காப்பாற்றியிருக்கும் என்பது என் சந்தேகம்.

பொத்தான்களை எங்கே வைப்பது என்பதில்தான் அணிகளின் குணம் தெரியும். அஞ்சறைப் பெட்டியில் கடுகு எங்கே இருக்கிறது என்று தாளிக்கும்போது யாரும் குனிந்து தேடுவதில்லை. பெட்டியை இயக்கும் மாணவரான ஆபரேட்டரின் கண் களத்தில் இருக்கவேண்டும், கை தானாகப் போகவேண்டும். அறுகோணப் பாறைக்கு அறுகோணப் பெட்டி பொருந்துவதன் காரணம் அது. களத்தில் இருக்கும் திசையும் கையில் இருக்கும் திசையும் ஒன்றாகிவிடுகின்றன. 2025-இன் களம் சிவப்பு அணிக்கும் நீல அணிக்கும் சுழற்சிச் சமச்சீராக அமைந்ததால் எந்தப் பக்கம் நின்றாலும் பெட்டியைத் திருப்பிப் பிடிக்க வேண்டியதில்லை. 2023-இல் களம் கண்ணாடிப் பிம்பமாக இருந்தது. பெட்டி அப்படியே இருக்க, எந்த நிறம் என்று பார்த்து இடவலத்தை நிரல் மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. இரண்டு பொத்தானுக்கு இடையே ஒரு சிறு மேடு, உயரப் பொத்தான்களுக்கு வேறு அளவு என்று விரல்நுனிக்கு அடையாளம் வைப்பது, வண்ண வண்ண விளக்கு போடுவதைவிடப் பயன் தரும்.

விளக்கு என்றதும் ஒன்று சொல்லவேண்டும். அழுத்திய பொத்தான் ஒளிர்ந்தால் நன்றாகத்தான் இருக்கும், செய்வதும் சுலபம். ஆனால் பெட்டியே தன் விளக்கை ஏற்றிக்கொண்டால், அது காட்டுவது எதை அழுத்தினோம் என்பதை மட்டுமே. ரோபோ என்ன புரிந்துகொண்டது என்பதை அது காட்டாது. ஆட்ட நடுவில் ரோபோவின் நிரல் ஒருமுறை விழுந்து எழுந்தால் அது தேர்வை மறந்திருக்கும், பெட்டியோ பழைய பொத்தானை ஒளிரவிட்டுக்கொண்டே இருக்கும். தகவல் ரோபோவிலிருந்து திரும்பி வந்தால்தான் நம்பலாம். டபிள்யூபிஐலிப் என்ற நிரல் நூலகத்தில் ஜாய்ஸ்டிக்குக்கு வெளியீடு அனுப்ப வழி இருக்கிறது, கேம்பேடை அதிரவைப்பதும் அதன் உறவுதான். அது சிரமம் என்றால் ரோபோ ஏற்றுக்கொண்ட கிளையை லேப்டாப் திரையில் பெரிய எழுத்தில் காட்டினாலே போதும்.

டாகிள் சுவிட்சுகளை நான் அவ்வளவாக விரும்புவதில்லை. விமான ஓட்டி அறை போன்ற தோற்றம் தருகின்றன என்பதற்காகவே பல பெட்டிகளில் வரிசையாக நிற்கும். அழுத்தி விடும் பொத்தானுக்கு நினைவு கிடையாது. டாகிளுக்கு உண்டு. போன ஆட்டத்தின் கடைசியில் ஏறும் கையை விடுவிக்கத் தள்ளிய சுவிட்ச், அடுத்த ஆட்டத்துக்கு வரும்போதும் அதே நிலையில் இருக்கும். அவற்றுக்கு நியாயமான இடம் ஒன்றுதான்: ஏதோ ஓர் உணரி செத்துப்போய், தானியங்கி உயர்த்தி தன் உயரத்தை மறந்துவிட்டால், கையால் ஓட்டும் முறைக்கு மாற்ற ஒரு மூடியிட்ட டாகிள். அது கீழே இருக்கிறதா மேலே இருக்கிறதா என்று பக்கத்தில் நிற்பவருக்கும் தெரியும்.

விதிகள் இந்த விளையாட்டுக்குத் தாராளமாக இடம் தருகின்றன. மொத்த ஏற்பாடும் 60 அங்குல நீளம், 14 அங்குல ஆழத்துக்குள் அடங்கவேண்டும், களம் தரும் இணைப்பைத் தவிர வேறு கம்பியில்லா இணைப்பு எதுவும் கூடாது. ப்ளூடூத் கேம்பேடும் அதனால் கேபிளோடுதான். இதே அமைப்பு நடத்தும் சிறிய போட்டியான டெக் சேலஞ்சில் அனுமதித்த கேம்பேடு வகைகளுக்கு ஒரு பட்டியல் உண்டு, அதற்கு வெளியே போகமுடியாது. அங்கே ஆபரேட்டரின் சுமையைக் குறைக்க நிரல் ஒன்றே வழி.

பெட்டியைச் சோதிக்க ரோபோ முழுதாக நிற்கவேண்டும் என்றில்லை. விண்டோஸின் கேம் கன்ட்ரோலர் சாளரத்தைத் திறந்தால் எந்தப் பொத்தான் எந்த எண்ணில் ஒளிர்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம். ரோபோவின் நிரலில் பொத்தான் எண் 1-இலிருந்தும், அச்சு எண் 0-இலிருந்தும் தொடங்கும் என்பதை மட்டும் சுவரில் எழுதி ஒட்டிவிடுங்கள். டபிள்யூபிஐலிப்பின் உருவகப்படுத்தலில் அதே நிரலை லேப்டாப்பிலேயே ஓடவிட்டு, திரையில் தெரியும் கற்பனைக் களத்தில் கற்பனை ரோபோவை இந்தப் பெட்டியாலேயே ஓட்டலாம். உண்மையான ரோபோ அலுமினியக் குழாய்களாகக் கிடக்கும் ஜனவரி மாதத்திலேயே ஆபரேட்டர் கிளை கிளையாக அழுத்திப் பழகத் தொடங்கிவிடுவார். எந்தப் பொத்தான் விரலுக்கு எட்டவில்லை, எதை யாருமே தொடுவதில்லை என்பது அப்போது தெரியவரும். மேல்தகட்டை ஒட்டுப்பலகையில் வெட்டியிருந்தால் மறுநாளே வேறொன்று வெட்டிப் பொருத்திக்கொள்ளலாம்.